மாதிரியம்மா எழுதிய புத்தகம்

முதுகுக்குப் பின்னால் பிள்ளைகள் அவளுக்கு வைத்திருந்த பெயர் புள்ளி டீச்சர். நேரில் நின்றால் மேடம். ஆய்வுக் கட்டுரையின் கடைசியில் வரும் நூற்பட்டியலில் ஒரு புள்ளி விட்டுப்போனாலும் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நூலாசிரியர் பெயருக்குப் பின் காற்புள்ளி, ஆண்டுக்கு அடைப்புக்குறி, புத்தகத்தின் பெயர் சாய்வெழுத்தில், பதிப்பகத்துக்குப் பின் முற்றுப்புள்ளி. "ஒரு புள்ளிதானே மேடம், போனா போகட்டுமே" என்று எவனாவது வாயைத் திறந்துவிட்டால் போச்சு, அன்றைய வகுப்பு அவனுக்குத்தான். "புள்ளி வைக்கவே சோம்பல்படுறவன் புத்தகத்தைத் திறந்து பார்த்திருப்பான்னு நான் எப்படிப்பா நம்புறது?" என்று பிடித்துக்கொள்வாள். அவள் கேட்பதில் நியாயம் இல்லாமலும் இல்லை.

இத்தனை கண்டிப்பு பேசுகிறவளுக்கு அங்கே நிரந்தர வேலை கிடையாது. பல்கலைக்கழகத்தின் மூன்றாம் மாடியில், ஏசியிலிருந்து வாளியில் தண்ணீர் சொட்டும் ஒரு கணினி அறையில், மேற்கோள் காட்டுவது எப்படி என்று பயிற்சி கொடுக்கும் தற்காலிக ஆசிரியை. வருடா வருடம் நீட்டிப்பு ஆணை வரும். வராவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். புருஷன் போய்ச் சேர்ந்து நாலைந்து வருடம் ஆகிவிட்டது. எட்டு வயதில் ஒரு மகள், வீட்டில் வாண்டு என்று பெயர். தன்னுடையது என்று சொல்லிக்கொள்ள அவள் எழுதி அச்சில் வந்தது ஒரே ஒரு கட்டுரை.

அந்தக் கட்டுரையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், எல்லா வினையும் அங்கேதான் போய் முடிந்தது. சாகப்போகிறவர்கள் கடைசியில் என்ன பேசுகிறார்கள் என்பதே அதன் பொருள். நர்ஸுகளிடமும் இறந்தவர்களின் வீட்டாரிடமும் நடையாய் நடந்து கேட்டு எழுதினாள். யாரும் பெரிய தத்துவம் ஒன்றும் பேசியிருக்கவில்லை. அடுப்பை அணைத்தாயா என்று கேட்டவர் ஒருவர். என் செருப்பை வெயிலில் போடாதே என்றவர் ஒருவர். நடுவில், பெயரே போடாமல் 'ஒருவர்' என்று மட்டும் எழுதி, தன் புருஷன் சொன்னதையும் வைத்தாள். ஆஸ்பத்திரிக் கட்டிலில் மூச்சு வாங்கிக்கொண்டே அவர் சொன்னார்: "மாடிக் கதவைத் தாழ் போட்டியா? காத்தடிச்சா டமார்னு அடிச்சுக்கும். புள்ள பயந்துடும்." அதற்குமேல் அவர் பேசவில்லை. அந்த வரியை அச்சில் பார்த்த அன்று அவள் குலுங்கிக் குலுங்கி அழுதாள். இனி இது எங்கேயும் தொலைந்துபோகாது என்று மனசுக்கு நிம்மதியாகவும் இருந்தது.

இனி அவள் வகுப்புக்குத் தயாரித்த மாதிரித் தாளுக்கு வருவோம். பயிற்சிக்கு உண்மையான புத்தகம் எதையாவது கொடுத்தால், பிள்ளைகள் அதன் விவரத்தை இணையத்திலிருந்து எடுத்து அப்படியே ஒட்டிவிடுவார்கள், ஈயடிச்சான் காப்பி. அதனால் உலகத்திலேயே இல்லாத ஒரு புத்தகத்தை அவள் இட்டுக்கட்டினாள். நூலாசிரியர் ஒரு பெண், முன்னால் இரண்டு தலைப்பெழுத்து. மரணத்தைப் பற்றி ஏதோ ஒரு தலைப்பு. கேள்விப்படாத ஒரு பதிப்பகம். ஆண்டு போட வேண்டிய இடத்தில் வாண்டு பிறந்த வருடம் தானாக விரலில் வந்தது, அதையே விட்டுவிட்டாள். அந்த நூலாசிரியரின் பெயரை நான் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் நீங்களும் எங்கேயாவது எழுதி வைப்பீர்கள், அது வேறு வம்பு. பிள்ளைகள் வைத்த பெயரே நமக்குப் போதும்: மாதிரியம்மா.

வகுப்பு முழுக்க மாதிரியம்மா ராஜ்ஜியம்தான். மாதிரியம்மாவை அடிக்குறிப்பில் போடு. மாதிரியம்மா இன்னொருவரோடு சேர்ந்து எழுதியிருந்தால் எப்படிப் போடுவாய்? மாதிரியம்மா சொன்னதை நீ வேறொருவர் புத்தகத்தில் படித்தாயென்றால்? ஒரு நாள் பின் வரிசையிலிருந்து ஒருவன், "மாதிரியம்மா செத்துட்டா எப்படிப் போடணும் மேடம்?" என்றான்.

"அப்பவும் இதே மாதிரிதான். நீ இருக்கியா செத்தியான்னு நூற்பட்டியலுக்குக் கவலை இல்ல" என்றாள் இவள். வகுப்பே சிரித்தது, அவளும் சேர்ந்து சிரித்தாள்.

முதலில் நடந்ததெல்லாம் சிரிக்கிற சமாச்சாரம்தான். பிள்ளைகள் அவளுடைய மாதிரித் தாளைக் கணினியில் திறந்து, அதன் மேலேயே தங்கள் பட்டியலை எழுதுவார்கள். எழுதி முடித்தபின் மாதிரி வரியை அழிக்க மறந்துவிடுவார்கள். அப்படியே மண்ணைப் பற்றிய ஆய்விலும் மீன் வளர்ப்பு ஆய்விலும் மாதிரியம்மா போய் உட்கார்ந்துகொண்டாள். இவள் சிவப்புப் பேனாவால் வட்டம் போட்டு, 'இது யார், உங்க சித்தியா?' என்று ஓரத்தில் எழுதி அனுப்புவாள். ஆனால் இவள் கண்ணில் படாமல் எத்தனையோ போயிருக்கும். முன்னே போனவனின் பட்டியலைப் பின்னே வருகிறவன் வாங்கி, படித்தும் பார்க்காமல் ஒட்டிக்கொள்கிற கூட்டம் அல்லவா இது. மாதிரியம்மா குட்டி போட ஆரம்பித்தாள்.

பிறகு ஒரு நாள் சோடாபுட்டி வந்தான். நல்ல பையன், மூக்கில் கனமான கண்ணாடி, அதனால் அந்தப் பெயர். அவன் கொடுத்த அத்தியாயத்தில் மாதிரியம்மா பட்டியலில் சும்மா தொங்கிக்கொண்டிருக்கவில்லை. உள்ளே, கட்டுரையின் நடுவில், மேற்கோள் குறிக்குள் பேசினாள், பக்க எண்ணோடு. 'சாகப்போகிறவர்கள் வாழ்க்கையைப் பற்றிப் பேசுவதில்லை. வீட்டைப் பற்றிப் பேசுகிறார்கள்.'

புள்ளி டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவளுடைய கட்டுரையின் முதல் வரி அது. ஒரு எழுத்து மாறவில்லை.

"டேய், இது எங்கேருந்து எடுத்தே?"

"மாதிரியம்மா புத்தகத்துலேருந்து மேடம்."

"அப்படி ஒரு புத்தகமே கிடையாதுடா. நான் கட்டினது. இந்த வரி என்னோடது, நான் எழுதினது."

சோடாபுட்டி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நீங்க எழுதுவீங்களா மேடம்? சொன்னதே இல்லையே" என்றான். அவன் கிண்டல் செய்யவில்லை, நிஜமாகவே அவனுக்குத் தெரியாது. அதுதான் அவளுக்குச் சுருக்கென்று தைத்தது.

புத்தகத்தை நேரில் பார்த்தாயா என்று கேட்டால், பக்கத்துத் துறையில் ஓர் அக்காவின் ஆய்வேட்டிலிருந்து எடுத்ததாகச் சொன்னான். அந்தப் பெண்ணைப் பிடித்துக் கேட்டால், பட்டம் வாங்கிப்போன ஒருவரைக் கைகாட்டினாள். அவருக்குப் போன் போட்டால், "நம்ம சோடாபுட்டிதான் மேடம் கொடுத்தான்" என்றார். சோடாபுட்டி பல்கலைக்கழகத்தில் சேருவதற்கு முன்னாலேயே அவர் ஆய்வேடு முடிந்துவிட்டது. அதை அவரிடம் சொன்னாள். "அப்ப வேற யாராவது கொடுத்திருப்பாங்க. ஆனா புத்தகம் இருக்கு மேடம். பச்சை அட்டை" என்றார்.

அந்தப் பெண்ணும் பச்சை அட்டை என்றுதான் சொல்லியிருந்தாள். மாதிரித் தாளில் அட்டை நிறம் எழுத யாரும் இடம் விடுவதில்லை, இவளும் விடவில்லை.

நேராக நூலகத்துக்குப் போனாள். நூலகர் ஓய்வு பெறப்போகிற மனுஷர், கண்ணை மூடிக்கொண்டு எந்தப் புத்தகம் எந்த அலமாரி என்று சொல்வார். கணினியில் தட்டிப் பார்க்காமலே, "அதுவா, கடைசி வரிசை, ஜன்னலோரம்" என்றார். இவள் போய்ப் பார்த்தாள். அடுக்கில் புத்தகங்கள் நெருக்கமாக நின்றன. அகர வரிசைப்படி அது இருக்கவேண்டிய இடத்தில் மட்டும் இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு சந்து. பக்கத்துப் புத்தகம் அந்தச் சந்தில் லேசாகச் சாய்ந்திருந்தது. அலமாரி முழுக்கத் தூசி இருக்க, அந்த இரண்டு விரல் இடம் மட்டும் சுத்தமாக இருந்தது.

"வெளியே போயிருக்கு போலிருக்கு. யார் எடுத்தாங்க சார்?" என்றாள், திரும்பி வந்து.

நூலகர் மூக்குக்கண்ணாடிக்கு மேலே அவளை ஏற இறங்கப் பார்த்தார். "என்ன மேடம் விளையாடுறீங்க? உங்க கையிலதானே இருக்கு. ரொம்ப நாளாச்சு, சீக்கிரம் கொண்டாந்து போடுங்க, நாலு பேர் கேட்டுட்டாங்க."

வீடு முழுக்கத் தேடினாள். இல்லாத புத்தகத்தை எதற்குத் தேடுகிறோம் என்று தன்னையே திட்டிக்கொண்டு தேடினாள். மெத்தைக்கு அடியிலும் பார்த்தாள், வாண்டின் பள்ளிப் பையிலும் பார்த்தாள். "என்னம்மா தொலைச்சே?" என்று மகள் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டாள். பச்சையாக எதுவும் அகப்படவில்லை.

அடுத்த வாரம் துறைத் தலைவர் கூப்பிட்டனுப்பினார். தங்கமான மனுஷர், யாரையும் கடிந்து பேசமாட்டார். வேலையை நிரந்தரமாக்கும் கோப்பில் அவள் பெயரைச் சேர்த்ததே அவர்தான். உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, கணினித் திரையை அவள் பக்கம் திருப்பினார். அவளுடைய கட்டுரை. யார் யாரிடமிருந்து காப்பி அடித்தார்கள் என்று கண்டுபிடிக்கும் மென்பொருளில் அதைப் போட்டிருக்கிறார்கள். நிரந்தர வேலைக்கு முன் எல்லார் கட்டுரையையும் அப்படிப் போடுவது வழக்கம். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பாக இருந்தது. அடுப்பு சிவப்பு, செருப்பு சிவப்பு. 'மாடிக் கதவைத் தாழ் போட்டியா' என்ற வரியும் சிவப்பு. ஓரத்தில் மூலம் என்ற இடத்தில் மாதிரியம்மாவின் பெயரும், புத்தகமும், வாண்டு பிறந்த ஆண்டும்.

"என்னம்மா இது? மேற்கோள் சொல்லிக்கொடுக்கிற நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார் தலைவர் வருத்தமாக.

அவளுக்கு வார்த்தை கொட்டியது. "சார், அப்படி ஒரு ஆளே இல்ல. பயிற்சிக்காக நான் கட்டின பேர் அது. புத்தகமும் பொய், பதிப்பகமும் பொய். சத்தியமா சொல்றேன்."

"இல்லைன்னு யார் சொல்லியிருக்காங்க? எங்கே, எந்தப் பக்கத்துல? ஒரு சான்று காட்டுங்க."

"நான் சொல்றேனே சார்!"

"நீங்க சொன்னா போதும்னு உங்க வகுப்புல விடுவீங்களா?" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை, பாவம், நிஜமாகவே கேட்டார். "இந்தப் பக்கம் பாருங்க, எத்தனை ஆய்வேடு அந்த அம்மாவை எடுத்துக்காட்டுதுன்னு. உங்களை எடுத்துக்காட்டினது ஒண்ணாவது இருக்கா?"

இல்லை. அது அவளுக்கே தெரியும்.

"மாதிரித் தாள் இருக்கு சார், என் கணினியில. நான் தயாரிச்சது."

"அதையும் பார்த்துட்டேன். அதுலதான் வசமா மாட்டிக்கிட்டீங்க. உங்க தாளே அந்தப் புத்தகத்தைக் காட்டுதே. ஆசிரியர், ஆண்டு, பதிப்பகம், ஒரு புள்ளி பிசகல. படிக்காத புத்தகத்தை மேற்கோள் காட்டக் கூடாதுன்னு சொல்றவங்க நீங்க. அப்போ படிச்சிருக்கீங்கன்னுதானே அர்த்தம்?"

அவளுக்கு முழி பிதுங்கியது. திரையில் அந்தச் சிவப்பு வரியைத் தொட்டுக் காட்டினாள். "மத்ததெல்லாம் போகட்டும் சார். இது என் வீட்டுக்காரர் சொன்னது. நான் பக்கத்துல இருந்து என் காதால கேட்டது. புத்தகத்துல போட்டிருக்கிற ஆண்டைப் பாருங்க. அந்த வருஷம் அவர் நல்லா இருந்தார் சார். எங்க பொண்ணை அப்பத்தான் கையில வாங்கினார். அவர் இதைச் சொன்னதே அதுக்கு மூணு நாலு வருஷம் கழிச்சுத்தான். புத்தகத்துல முன்னாடியே எப்படி வரும்?"

தலைவர் யோசித்தார். டீயை ஒரு வாய் குடித்தார். "அவரும் அந்தப் புத்தகத்தைப் படிச்சிருப்பாரோ என்னமோ" என்றார்.

அடிப்பாவி, என் புருஷன் வாயிலிருந்து அதைப் பிடுங்கினாயே என்று, இல்லாத ஒருத்தியை மனசுக்குள் திட்டினாள். திட்டும்போதே, அவர் புத்தகம் எதையாவது விரித்து வைத்துக்கொண்டு படுத்திருந்தாரா, அதன் அட்டை என்ன நிறம் என்று இன்னொரு பக்கம் மனசு ஓடியது. அதை அதட்டி நிறுத்தினாள்.

தலைவர் நல்லவர் என்று சொன்னேன் அல்லவா, வழியும் அவரே சொன்னார். மறுத்தால் கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிடுவார்கள், இதழிலிருந்து சுவடே இல்லாமல் நீக்கிவிடுவார்கள், வேலையும் போகும். ஒப்புக்கொண்டால் ஒன்றும் குடிமுழுகிப்போகாது. சிவப்பாக இருக்கிற வரிகளுக்கெல்லாம் மேற்கோள் குறி போட்டு, பக்கத்தில் மாதிரியம்மாவின் பெயரைப் போட்டுவிட்டால் போதும். கவனக்குறைவாக விட்டுப்போனது, இப்போது திருத்தப்பட்டது என்று ஒரு குறிப்பு. எல்லாரும் செய்கிறதுதான். "முதல்ல சொன்னவங்களுக்கு உரியதைக் கொடுத்துடுங்க. நீங்க வகுப்புல சொல்றதுதானே?" என்றார்.

மறுத்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். ஆனால் போனால் அந்தக் கட்டுரை இருக்காது, அதில் புருஷன் பேசினது இருக்காது. யார் பெயரில் இருந்தாலென்ன, எங்கேயாவது இருந்தால் போதும் என்று தோன்றிவிட்டது அவளுக்கு. அவளைக் குற்றம் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அந்த இடத்தில் நீங்களும் நானும் இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம்.

தலைவருடைய கணினியிலேயே உட்கார்ந்து திருத்தினாள். வெளியே நல்ல வெயில், நடைபாதையில் பிள்ளைகள் சிரித்துப் பேசிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு வரியாக மேற்கோள் குறி, அடைப்புக்குறி, பெயர், காற்புள்ளி, ஆண்டு. கடைசியாக மாடிக் கதவு வந்தது. விரல் ஒரு கணம் நின்றது. பிறகு பெயரை அடித்தாள், ஆண்டை அடித்தாள், பக்க எண்ணையும் அடித்து முற்றுப்புள்ளி வைத்தாள். வைத்தபிறகுதான் திக்கென்றது. ஓரத்து மூலக் குறிப்பில் பக்க எண் கிடையாது, தலைவரும் சொல்லவில்லை. அடித்த எல்லா வரிக்கும் அவள் கையே பக்கம் போட்டிருந்தது.

"பரவாயில்லையே, மனப்பாடமா வச்சிருக்கீங்க" என்றார் தலைவர். ஆணை மாதக் கடைசிக்குள் வந்துவிடும் என்று கைகுலுக்கி அனுப்பினார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, வேலை நிரந்தரமாகப் போகிறது என்று சொன்னதும் வாண்டு தையத்தக்கா என்று குதித்தாள். அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னாள். இரண்டு பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் வழக்கம்போல வாண்டு மடியில் வந்து தலைவைத்துக்கொண்டாள். "அப்பா கடைசியா பேசினதைச் சொல்லும்மா" என்றாள். வாரம் ஒரு தடவையாவது அதைக் கேட்டாக வேண்டும் அவளுக்கு, அதில் தன்னைப் பற்றி வருகிறதே. எத்தனை தடவை சொன்னாலும் அலுக்காது.

"ஒருத்தர் ஆஸ்பத்திரியில படுத்திருந்தார்..." என்று தொடங்கினாள் அம்மா.

"ஒருத்தர் இல்லம்மா! அப்பா!"

"ஆமாம்டி கண்ணு, அப்பாதான்." கண்ணை மூடிக்கொண்டாள். மூடினால் எப்போதும் வருகிற காட்சி ஒன்று உண்டு: சொரசொரப்பான கம்பளி, மருந்து வாடை, அவருடைய காய்ந்த உதடு, அவர் மணிக்கட்டின் மேல் தன் கை. இப்போது எழுத்துகள் வந்தன. வரிவரியாக, நல்ல அச்சில். அவற்றை ஒதுக்கித் தள்ளினாள். கட்டில் வந்தது. அவர் வந்தார், அந்த மட்டுக்கும் தப்பித்தோம் என்று அவளுக்கு உயிர் வந்தது.

ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் யாரோ ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். முதுகுதான் தெரிந்தது, கொண்டை போட்ட தலை. அவருடைய மணிக்கட்டின் மேல் அவள் கை இருந்தது. அவர் அவளைப் பார்த்துத்தான் மாடிக் கதவைப் பற்றிக் கேட்டார். "போட்டுட்டேங்க, நீங்க தூங்குங்க" என்று அவள்தான் பதில் சொன்னாள். அவர் அவளைப் பார்த்துத்தான் லேசாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பை இவள் இதற்குமுன் பக்கவாட்டில் பார்த்ததே இல்லை.

நான் எங்கே இருந்தேன் என்று தேடினாள். வாசலில் இல்லை. ஜன்னல் பக்கம் இல்லை. வெளியே வராந்தாவில், மருந்து வாங்குகிற இடத்தில், குழாயடியில், எங்கேயும் இல்லை. அறை முழுசாகத் தெரிந்தது, அதில் இவள் மட்டும் கிடையாது.

"அப்புறம்? அப்பா அப்படிக் கேட்டதும் நீ என்னம்மா சொன்னே?" என்று வாண்டு அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம், குழந்தைதானே. ஆனால் தான் பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல அவளுக்கு என்றைக்குமே வாய் வந்ததில்லை. மகளின் தலையைக் கோதிக்கொண்டே அழுதாள்.

"நான் அங்க இல்லடி தங்கம்" என்றாள். "படிச்சதுதான்."